ட்ரோன் பைலட் சான்றிதழ்: ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



போன வருஷம் ஆடி மாசம், உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு தம்பி எனக்கு போன் பண்ணினார். நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவர். டிப்ளமோ முடிச்சுட்டு ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில வேலை. கைக்கு 28,000 ரூபாய் வருது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, அஞ்சு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. ட்ரோன் பைலட் கோர்ஸ் முடிச்சு, மருந்து அடிக்கிற ட்ரோன் ஒண்ணு வாங்கி, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். ஜிஎஸ்டி நம்பர் எடுக்கணுமா?"

அந்தக் கேள்வியில ஜிஎஸ்டி தான் இருக்கிறதுலயே சின்ன விஷயம். அதை அப்புறம் சொல்றேன்னு சொல்லிட்டு, "தம்பி, எந்தப் பிரிவு சான்றிதழ் எடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. "உங்க ஊர்ல ஒரு ஏக்கருக்கு மருந்து அடிக்க என்ன கூலி?" அதுக்கு மட்டும் பதில் இருந்தது. "வருஷத்துல எத்தனை நாள் அந்த வேலை இருக்கும்?" யோசிச்சார். சரி, ஞாயித்துக்கிழமை நேர்ல வாங்கன்னு கூப்பிட்டேன்.

அன்னைக்கு உட்கார்ந்து பேசினதைத்தான் இங்க எழுதுறேன். ஏன்னா அதுக்கப்புறம் இதே கேள்வியை நிறைய பேர் கேட்டுட்டாங்க.

முதல்ல, இது என்ன சான்றிதழ்?

2021 ஆகஸ்ட்ல மத்திய அரசு ட்ரோன் விதிகள் 2021-ஐக் கொண்டு வந்தது. அதுக்கு முன்னாடி இருந்த விதிகள் ரொம்பக் கெடுபிடி. புது விதிகள்ல படிவங்களும் கட்டணங்களும் குறைஞ்சுது. 2022 பிப்ரவரியில ஒரு திருத்தம் வந்து, 'லைசென்ஸ்' என்கிற வார்த்தையே போய் 'ரிமோட் பைலட் சான்றிதழ்' ஆச்சு. 18 வயசுல இருந்து 65 வயசுக்குள்ள இருக்கணும், பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும். 2023 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் மாதிரி அரசு அடையாள, முகவரிச் சான்று போதும். கிராமத்துப் பசங்களுக்கு இது பெரிய நிம்மதி. சான்றிதழுக்கான அரசுக் கட்டணம் வெறும் 100 ரூபாய். 10 வருஷம் செல்லும்.

"நூறு ரூபாயா?"ன்னு ஆச்சரியப்படாதீங்க. செலவு பயிற்சிக்குத்தான். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்துல படிச்சு, அங்கேயே தேர்வு பாஸ் பண்ணினாத்தான் சான்றிதழ் கிடைக்கும். யூபிஎஸ்சி மாதிரி நாடு முழுக்க ஒரே நாள்ல நடக்கிற பரீட்சை கிடையாது. அதனால, எந்த நிறுவனத்துல சேர்றீங்கங்கிறது தேர்வுத் தயாரிப்புல பாதி.

நம்ம தம்பி விசாரிச்ச இடங்கள்ல 35,000-ல இருந்து 70,000 வரைக்கும் சொல்லியிருக்காங்க. ஒரு இடத்துல "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம், இன்னைக்கே 20,000 கட்டினா டிஸ்கவுன்ட்"னு வாட்ஸ்அப்ல துரத்தியிருக்காங்க. டிஜிசிஏ பட்டியல்ல பேரைத் தேடிப் பார்த்தோம். இல்லை. வேற ஒரு நிறுவனத்தோட 'டை-அப்'னு சொன்னாங்க. எந்த நிறுவனம்னு எழுத்துல கேட்டதும் பதில் வர்றது நின்னு போச்சு. நீங்களும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலைப் பாருங்க. சொல்ற தொகையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா, சான்றிதழ்ல எந்தப் பிரிவு வரும், ஃபெயில் ஆனா மறுதேர்வுக்குக் கட்டணம் உண்டா, எல்லாத்தையும் மெயில்ல வாங்கிக்கங்க. தமிழ்நாடு அரசே 2022-ல ஆளில்லா விமானக் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு, குரோம்பேட்டை எம்.ஐ.டி வளாகத்துல இருக்கு. உத்திரமேரூர்ல இருந்து செங்கல்பட்டு போய் மின்சார ரயில் ஏறினா போயிடலாம். அங்கேயும் ஒரு தடவை விசாரிங்க. எஸ்சி, எஸ்டி பிரிவு இளைஞர்கள் தாட்கோ அலுவலகத்துல பயிற்சித் திட்டம் ஓடுதான்னு கேளுங்க. கேட்க காசு இல்லை.

பிரிவைத் தப்பா எடுத்தா மறுபடி முதல்ல இருந்து

எடையை வெச்சுத்தான் பிரிவு. 250 கிராம் வரைக்கும் நானோ. அதுக்கு மேல 2 கிலோ வரை மைக்ரோ. 2-ல இருந்து 25 கிலோ வரை ஸ்மால். 150 கிலோ வரை மீடியம். அதைத் தாண்டினா லார்ஜ். நானோவுக்கு சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை சொந்த ஆசைக்குப் பறக்க விட்டாலும் தேவையில்லை. ஆனா கல்யாண மண்டபத்துல காசு வாங்கிட்டு விட்டா தேவை.

இங்க ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு. எடைன்னா வெறும் ட்ரோன் எடை இல்லை. பேட்டரி, டேங்க், அதுக்குள்ள இருக்கிற மருந்துத் தண்ணி எல்லாம் சேர்த்து, கிளம்பும்போது இருக்கிற மொத்த எடை. 10 லிட்டர் டேங்க்ல தண்ணியே கிட்டத்தட்ட 10 கிலோ. அதனால மருந்து அடிக்கிற ட்ரோனுக்கு ஸ்மால் பிரிவுப் பயிற்சி வேணும். மலிவா இருக்கேன்னு மைக்ரோ படிச்சுட்டு வயல்ல இறங்க முடியாது. நம்ம தம்பிக்கு வந்த மலிவான கொட்டேஷன் மைக்ரோவுக்குத்தான்.

எப்படிப் படிக்கிறது?

நான் பைலட் இல்லை. ஆனா சி.ஏ. பரீட்சையில விழுந்து எழுந்து வந்தவன், அதனால பாடத்திட்டத்தைப் பார்த்தா எங்க மார்க் போகும்னு ஓரளவு தெரியும். அவரோட நோட்ஸை வாங்கி நானும் படிச்சேன்.

கோர்ஸ் பெரும்பாலும் அஞ்சுல இருந்து ஏழு நாள். விதிகள், பறத்தலின் அடிப்படை, வான்வெளி, வானிலை, பேட்டரி, பராமரிப்பு, அவசர நிலை எல்லாம் முதல் ரெண்டு நாள்ல ஓட்டிடுவாங்க. அப்புறம் சிமுலேட்டர், பிறகு மைதானம். முதல் தடவையா வகுப்புலதான் இதையெல்லாம் கேட்கிறீங்கன்னா மண்டைக்குள்ள நிக்காது. ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. அவருக்குக் கம்பெனி பஸ்ல போக ஒரு மணி நேரத்துக்கு மேல, வர அதே அளவு. அந்த நேரம்தான் அவரோட லைப்ரரி.

விதிகள் பகுதியில எண்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். பச்சை மண்டலத்துல 400 அடி, அதாவது 120 மீட்டர் வரைக்கும் முன் அனுமதி வேண்டாம். ஆனா இயங்குற விமான நிலையத்தோட எல்லையில இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ள அந்த 400 அடி 200 அடியாகும். அதைத் தாண்டினா மஞ்சள் மண்டலம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியோட அனுமதி வேணும். சிவப்புன்னா மத்திய அரசு அனுமதி இல்லாம தொடவே கூடாது. விபத்து நடந்தா 48 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. நானோ தவிர மத்ததுக்கு மூன்றாம் தரப்பு காப்பீடு வேணும், பைக்குக்கு எடுக்கிறோமே அதே மாதிரி.

இதை மனப்பாடம் பண்றதை விட, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து உங்க ஊரை வெச்சுப் பாருங்க. தாம்பரம் விமானப்படைத் தளம் எங்க, மீனம்பாக்கம் எங்க, கல்பாக்கம் எங்க, உங்க வயல் எங்கன்னு பார்த்தா மண்டல விதி தானா மனசுல பதியும். வரைபடத்துல பச்சையா இருந்தாலும் வேற சட்டம் குறுக்கே வரலாம். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துல வனத்துறை அனுமதி வேணும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. குடவோலைக் கல்வெட்டை ரீல்ஸ் எடுக்கிறேன்னு அனுமதி இல்லாம மேல ட்ரோனை விட்டுடாதீங்க.

அந்தக் கல்வெட்டைச் சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டினது. ஊர்ச்சபைக்கு யார் நிக்கலாம்னு தகுதி போட்டிருக்காங்க. 35 வயசுக்கு மேல 70-க்குள்ள இருக்கணும், வரி கட்டுற சொந்த நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும்னு போகுது. முன்னாடி பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்க முடியாது. அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே எங்க தொழிலுக்கு அந்த ஊர்ல மரியாதை இருந்திருக்கு. சரி, பாடத்துக்கு வருவோம்.

பறத்தல் பகுதியில புரிஞ்சு படிக்க வேண்டியது, நாலு மோட்டார்ல எதிரெதிர் மூலையில இருக்கிற ரெண்டும் ஒரே திசையில சுத்தும், மத்த ரெண்டும் எதிர்த்திசையில சுத்தும் என்பது. ஏன்னு ஒரு தடவை புரிஞ்சா, ட்ரோன் எப்படித் திரும்புதுங்கிற கேள்விக்கெல்லாம் பதில் வந்துடும். வெயில்ல காத்து அடர்த்தி குறையும், தூக்குற சக்தி குறையும். மே மாச மத்தியானத்துல முழு டேங்கோட ட்ரோன் திணறும். பேட்டரியில ஒரு செல் சாதாரணமா 3.7 வோல்ட், முழு சார்ஜ்ல 4.2. ஆறு செல் அடுக்கினா 22.2. நாள்கணக்கா சும்மா வைக்கணும்னா முழு சார்ஜ்ல வைக்கக் கூடாது, ஒரு செல்லுக்கு 3.8 வாக்குல வைக்கணும். இது பரீட்சைக்கு மட்டும் இல்லை, பின்னாடி உங்க பர்ஸுக்கும் ஆகும். பேட்டரிதான் இந்தத் தொழில்ல டயர் மாதிரி, தேயுற பொருள்.

செய்முறைத் தேர்வுல ஆட்கள் தடுமாறுற இடம் ஒண்ணு. ட்ரோன் உங்களுக்கு முதுகைக் காட்டி நிக்கும்போது எல்லாம் சுலபம். அது மூஞ்சியை உங்க பக்கம் திருப்பினதும் இடது வலது மாறிடும். வலது பக்கம் போகணும்னு குச்சியைத் தள்ளினா உங்க இடது பக்கம் போகும். ஜிபிஎஸ் உதவியை அணைச்சுட்டா காத்துக்கு நழுவவும் ஆரம்பிக்கும். கைக்குப் பழக்கம் வர்றதைத் தவிர வேற வழி இல்லை. நம்ம தம்பி 250 கிராமுக்குக் கீழ இருக்கிற பொம்மை ட்ரோன் ஒண்ணை வாங்கி, அறுவடை முடிஞ்ச வயல்ல தினமும் காலையில இருபது நிமிஷம் எட்டுப் போட்டுப் பழகினார். பைக் லைசென்ஸுக்கு எட்டுப் போடுற மாதிரியே, ஆகாசத்துல. பக்கத்து வயல் பெரியவர் ஒரு வாரம் பார்த்துட்டு, "வேலைக்குப் போற பையன்தானேப்பா நீ?"ன்னு கேட்டாராம்.

இப்போ நம்ம கணக்கு

காகிதம் எடுத்தோம். ட்ரோன், கூடுதல் பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து 6 லட்சம்னு அவருக்குக் கொட்டேஷன் வந்திருந்தது. கையில 1 லட்சம், லோன் 5 லட்சம். 13 சதவீதம், மூணு வருஷம். ஈஎம்ஐ சுமார் 16,850. வருஷத்துக்கு 2,02,000-க்கு மேல.

வருமானம்? காஞ்சிபுரம் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம் உண்டு. ஆனா மருந்து அடிக்கிற நாட்கள் அந்தந்தப் பட்டத்துல சில வாரங்கள்தான். மழை நாள், காத்து அடிக்கிற நாள், வேற ஆள் கம்மி ரேட்டுல வந்துட்ட நாள் எல்லாம் கழிச்சு, வார விடுமுறையில மட்டும் போனா 60 நாள்னு வெச்சோம். ஒரு நாளைக்கு 12 ஏக்கர். அவர் சொன்ன கூலி ஏக்கருக்கு 500. மொத்தம் 3,60,000.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? இப்போ கழிங்க. உதவியாள் கூலி நாளைக்கு 700, அறுபது நாளைக்கு 42,000. வண்டி, டீசல் 24,000. பேட்டரி தேய்மானத்துக்கு 60,000. காப்பீடு, இறக்கை, பம்பு, ரிப்பேர் 40,000. ஆகமொத்தம் 1,66,000. மிச்சம் 1,94,000. ஈஎம்ஐ 2,02,000.

அதாவது வருஷம் பூரா லீவு நாள்ல வெயில்ல நின்னு, தன் சம்பளத்துல இருந்து 8,000 ரூபாய் போட்டு லோனை அடைக்கணும். இதுல ஒரு தடவை மின்கம்பியில மோதி விழுந்தா என்ன ஆகும்னு நாங்க பார்க்கவே இல்லை.

"வேலையை விட்டுட்டு 120 நாள் போனா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. வரவு 7,20,000. செலவும் கூடும், 3,12,000 வரும். மிச்சம் 4,08,000, ஈஎம்ஐ போக 2,06,000. இப்போ வாங்குற சம்பளம் வருஷத்துக்கு 3,36,000. பிஎஃப் போயிடும். அதுவும் 120 நாளும் வேலை கிடைச்சா.

கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசலை. அவர் வீட்டுல அம்மாவுக்கு இந்த வேலையை நம்பித்தான் வைத்தியம் நடக்குது. அதை அவர் கணக்குலயே எடுத்துக்கலை.

இதை வெச்சு ட்ரோன் தொழிலே வேஸ்ட்னு நான் சொல்லலை. வரிசைதான் தப்பு. மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல ட்ரோனுக்கு மானியம் உண்டு. கிராமப்புறத் தொழில்முனைவோர் வாடகை மையம் வெச்சா 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம். வேளாண் பட்டதாரி மையம் வெச்சா 50 சதவீதம், 5 லட்சம் வரை. சிறு குறு விவசாயிகள், எஸ்சி, எஸ்டி, பெண் விவசாயிகள் சொந்தமா வாங்கினாலும் அதே 50 சதவீதம். இதுல கிராமப்புறத் தொழில்முனைவோர்னு விண்ணப்பிக்கிறவர் பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கணும், ரிமோட் பைலட் சான்றிதழும் வெச்சிருக்கணும். கவனிச்சீங்களா? சான்றிதழ் கையில இருந்தாத்தான் அந்தக் கதவே திறக்கும். லோன் போட்டு முதல்ல ட்ரோனை வாங்கிட்டா, மானியத்தை நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடலாம்.

அதே 6 லட்சத்துக்கு 40 சதவீத மானியம் 2,40,000. லோன் 2,60,000 போதும். வருஷ ஈஎம்ஐ சுமார் 1,05,000. அந்த 60 நாள் கணக்குலயே இப்போ 89,000 கையில நிக்குது. இதுக்கான நிதி ஒதுக்கீடு இருக்கா, முதல்ல முழுப் பணமும் கட்டிட்டு அப்புறம் மானியம் வருமா என்பதையெல்லாம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துல நேர்ல கேளுங்க. வீட்டுல அம்மாவோ மனைவியோ சுய உதவிக் குழுவுல இருந்தா நமோ ட்ரோன் தீதி பத்தியும் கேளுங்க. அதுல குழுவுக்கு 80 சதவீதம், 8 லட்சம் வரை உதவி. அந்தத் திட்டத்துலயே 15 நாள் பயிற்சியில 5 நாள்தான் பைலட் பயிற்சி, மீதி 10 நாள் மருந்து, உரம் தெளிக்கிற பயிற்சி. பறக்கவிடத் தெரிஞ்சா மட்டும் போதாதுன்னு இதுலயே தெரியுது.

இன்னொண்ணு. 2025 செப்டம்பர் 22-ல இருந்து ட்ரோனுக்கு ஜிஎஸ்டி ஒரே சீரா 5 சதவீதம். இன்னும் பழைய விகிதம் போட்டுக் கொட்டேஷன் குடுத்தா சும்மா விடாதீங்க.

வரி விஷயம்

கோர்ஸ் ஃபீஸை 80சி-ல காட்டலாமான்னு கேட்கிறாங்க. முடியாது. அது பிள்ளைங்களோட முழுநேரப் படிப்புக்கான கல்விக் கட்டணத்துக்குத்தான்.

அடுத்தது, "வயல்ல மருந்து அடிக்கிறேன், விவசாய வருமானம்தானே, வரி இல்லையே?" இல்லைங்க. நிலம் அடுத்தவரோடது, நீங்க கூலிக்கு சேவை செய்றீங்க. அது தொழில் வருமானம். ஆனா ஜிஎஸ்டி-ல கதை வேற: பயிர்ப் பாதுகாப்பு வேலைக்கு விலக்கு உண்டு. அதனால நம்ம தம்பி கேட்ட முதல் கேள்விக்குப் பதில், தேவையில்லை. கல்யாண ஷூட்டிங் போனா அந்த விலக்கு கிடையாது, ஆனா சேவைகளுக்கான வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அந்த அளவு வந்தா எனக்கு போன் பண்ணுங்க, சந்தோஷமா பேசலாம்.

சம்பளத்தோட தொழில் வருமானமும் வந்துட்டா ஐடிஆர்-1 போடக் கூடாது. சின்ன தொழிலுக்கு உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 போடலாம். அதுல வரவுல 6 இல்லை 8 சதவீதம்னு சொல்றது குறைந்தபட்சம். உண்மையில அதைவிட மிச்சமாகுதுன்னா உண்மையைக் காட்டுங்க. 2026 ஏப்ரல் 1-ல இருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறுது, பழைய வீடியோவைப் பார்த்துக் குழம்பாதீங்க. முக்கியமா, தொழில் வருமானம் இருக்கிறவங்க சம்பளக்காரர் மாதிரி வருஷா வருஷம் பழைய முறை, புது முறைன்னு மாறிக்கிட்டு இருக்க முடியாது. எங்காவது கம்பெனி டிடிஎஸ் பிடிச்சுக் குடுத்தா அது உங்க ஏஐஎஸ்-ல வந்துடும், மறைக்க முடியாது. அப்புறம், உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. தேவைப்பட்டா ஹெச்ஆர்-கிட்ட எழுத்துல அனுமதி கேளுங்க.

அவர் என்ன பண்ணினார்?

லோனை எடுக்கலை. சேமிப்புல இருந்து 45,000 கட்டி, ஈட்டிய விடுப்பு ஆறு நாள் போட்டு, ஸ்மால் பிரிவு கோர்ஸ் முடிச்சார். எழுத்துத் தேர்வு சுலபமா போச்சாம். செய்முறையில முதல் நாள் மூஞ்சி திருப்பி நிறுத்துறதுல கை நடுங்கிச்சு, ரெண்டாவது நாள் சரியாச்சு. சான்றிதழ் வந்ததும் பக்கத்துல ட்ரோன் வெச்சிருக்கிற ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துல பேசினார். சம்பாவுல இருந்து ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் அவங்க ட்ரோனை ஓட்டுறார். நாளைக்கு 1,500 ரூபாய், ஜிபே-ல. ட்ரோன் அவங்களோடது, பேட்டரி அவங்களோடது, விழுந்தா ரிப்பேரும் அவங்களோடது. இந்தக் கணக்குல முப்பதாவது நாள் ஃபீஸ் பணம் திரும்பி வந்துடும். இதுவரைக்கும் பத்தொன்பது நாள் ஆயிருக்கு.

ஒரு நோட்டுல எந்த ஊர், எத்தனை ஏக்கர், என்ன பயிர், ஏன் அன்னைக்கு வேலை நின்னுதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வர்றார். வருஷத்துக்கு 60 நாள்னு நாங்க வெச்ச அனுமானம் சரியா தப்பான்னு அடுத்த ஆடிக்குள்ள அந்த நோட்டே சொல்லிடும். அதுக்கப்புறம்தான் மானியத்துக்கு விண்ணப்பம் போடுறதா இருக்கார்.

அந்த அஞ்சு லட்சம் லோன் அப்ரூவல் காலாவதி ஆயிடுச்சு. பேங்க்ல இருந்து இன்னும் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் வருதாம்.